அகப்பைக் காம்பில் கேட்ட லொறி

அன்று எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். நின்றேன் என்று சொல்ல முடியாது. லொறியின் பின்பெட்டியில் கட்டிலோடு கிடந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, எலும்பு வெளியே தெரிந்தது.

என் மனைவி பொன்னம்மா. கையில் கஞ்சிச் சட்டியும் அகப்பையும்.

பொன்னம்மாவின் தமையன் முத்தையர். எனக்கு மச்சான். என்மேல் வேலி வழக்குப் போட்டவர். நானும் அவர்மேல் போட்டிருந்தேன்.

ஊர் நிருவாகம் பார்க்கிற விதானையார். குடையோடு.

அப்போதிக்கரி ஐயா. என் காலுக்குப் பனைமட்டை வைத்துக் கட்டியவர்.

முத்தையரின் கிடாய் ஆடு. அதை ஒருவரும் கூப்பிடவில்லை.

கடைசியாக அகப்பையர். லொறியின் பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குள் தலையை விட்டு, ஒரு அகப்பைக் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

யாழ்ப்பாணத்தில் லொறி வைத்திருந்தவர்கள் பலர். ஒரு பட்டாள லொறியை இரண்டு வருடம் நாள் தவறாமல் ஓட்டி, அதில் தன் வளவை விட்டு ஒரு அடிகூட வெளியே போகாதவர் இவர் ஒருவர்தான்.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் அகப்பையர் பலாலி விமானத்தளத்தில் வேலை செய்தார். கரண்ட் உண்டாக்குகிற எஞ்சின் கொட்டிலில் எண்ணெய் விடுகிற வேலை. அங்கே ஐந்து எஞ்சின்கள் இரவு பகலாக ஓடின. மூன்று வருடத்தில் அவருடைய இரண்டு காதும் போயின. எஞ்சின் ஆசை போகவில்லை.

பட்டாளத்து மெக்கானிக்குகள் நீட்டு ஸ்குறூ டிறைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துப் பழுது பார்ப்பார்களாம். இவரும் வைத்துப் பார்த்தார். காது கேட்கவில்லை. பல்லில் வைத்துப் பார்த்தார். கேட்டது. ஒரு பல்லும் உடைந்தது. அதன் பிறகு இரும்பை விட்டு மரத்துக்கு மாறினார். சிரட்டைப் பக்கம் எஞ்சினில், காம்பு பல்லில். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. முகத்துக்கு நேரே "அகப்பையர்" என்று கூப்பிட்டாலும் அவருக்குக் கேளாது. ஆகவே எல்லாரும் மரியாதையாக முகத்துக்கு நேரேயே கூப்பிட்டோம்.

பாவம் அவருடைய மனைவி கண்மணி அக்கா. மாதத்துக்கு நாலு அகப்பை போகும். போனது திரும்பி வந்தாலும் கிறீஸ் மணக்கும்.

"பொன்னம்மா, ஒரு அகப்பை தா. உலையிலை அரிசி கிடக்கு."

"முந்தநாள் தந்தது எங்கையக்கா?"

"அது இப்ப கரண்ட் எஞ்சின்ரை அகப்பை."

ஒரு நாள் அக்கா பருப்பை ஸ்பனரால் துழாவினார். நான் கண்ணால் பார்த்தேன். பருப்பு நன்றாய்த்தான் இருந்தது.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் புறப்பட்டபோது, ஓடாத சாமான்களை ஏலம் போட்டார்கள். அகப்பையர் ஒரு லொறியும் ஒரு கரண்ட் எஞ்சினும் எடுத்தார். இரண்டுமே செத்தவை. நாலு சோடி மாடு பூட்டி லொறியை எங்கள் ஒழுங்கை வாசல் வரைக்கும் இழுத்து வந்தார்கள். அங்கே நின்றுவிட்டது. லொறியின் அகலம் நாலே முக்கால் முழம். ஒழுங்கை நாலே கால்.

எங்கள் ஒழுங்கைக்கு இடப்பக்கம் என் வளவு. வலப்பக்கம் முத்தையரின் வளவு. ஒழுங்கை முடிகிற இடத்தில் அகப்பையரின் வளவு. அவர் வீட்டுக்கு வேறு வழி இல்லை.

அகப்பையர் ஒழுங்கைக்குள் இறங்கினார். அளந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். றோட்டுக் கரையில் வைத்தே லொறியைக் கழற்றத் தொடங்கினார். பதினொரு நாள். சக்கரம், பெட்டி, கதவு, எஞ்சின் எல்லாவற்றையும் துண்டு துண்டாய் மாட்டு வண்டிலில் உள்ளே கொண்டுபோனார். இரும்புக்கு விற்கப்போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் எட்டு மாதம் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். ஒரு நாள் காலை லொறி உறுமியது. என் வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் முட்டை இடவில்லை.

விதானையார் பார்க்க வந்தார். சைகையும் சத்தமுமாய்க் கேட்டார்.

"ஏன் காணும், உந்த லொறியை எப்படி வெளியிலை கொண்டுபோறது?"

"ஏலாது."

"பூட்டேக்கை உமக்குத் தெரியேல்லையோ?"

"தெரியும். வெளியிலை போறது வேறை பிரச்சினை. ஸ்ராற் ஆகிறது வேறை பிரச்சினை. நான் ஸ்ராற் பிரச்சினையைத்தான் பாத்தனான்."

அன்று முதல் தினமும் காலையில் லொறி ஓடியது. பலாமரத்தடியிலிருந்து கிணற்றடி வரைக்கும் பதினைந்து அடி முன்னே. திரும்பப் பதினைந்து அடி பின்னே. கிணற்றடியில் கண்மணி அக்கா நின்றால் ஹோர்ன் அடிப்பார். ரயரில் ஒரே பக்கம் வெயில் படக்கூடாது என்று சனிக்கிழமைகளில் சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்துவார். எண்ணெய் மாற்றுவார். பிளக்குகளைக் கழற்றிப் பல்லு மினுக்குகிற மாதிரி மினுக்குவார். தன் பல்லையும் அதே கவனத்தோடு மினுக்குவார், வேப்பங்குச்சியால், நாளுக்கு மூன்று தரம். பல்லுப் போனால் காது போச்சு அவருக்கு.

கரண்ட் எஞ்சினையும் உயிர்ப்பித்தார். அதை நடு மத்தியானத்தில் ஓட்டுவார். உச்சி வெயிலில் பலாமரத்தில் ஒரு பல்ப் எரியும்.

"இரவிலை ஓட்டினால் என்ன, அண்ணை?" என்று சைகையில் கேட்டேன்.

"இரவிலை ஓட்டினால் சனம் வெளிச்சத்தைப் பாக்கும். பகலிலைதான் எஞ்சினைப் பாக்கும்."

அந்த எஞ்சினைக் கோயில்காரர் திருவிழாவுக்குக் கேட்டார்கள். கொடுத்தார். கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம் வீதியில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அகப்பையர் காம்பைக் கடித்தார். முகம் மாறியது.

"வால்வு தட்டுது."

நிறுத்தி, மூடியைக் கழற்றினார். ஒன்றும் இல்லை. பூட்டி ஓட்டினார். கடித்தார். மறுபடியும் தட்டுகிறது. மறுபடியும் கழற்றினார். மூன்றாம் தரம் கழற்றும்போதுதான் பூசாரி கண்டுபிடித்தார். மண்டபத்தில் தவில்காரர் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார். அது நிலத்தால் வந்து, எஞ்சினால் ஏறி, காம்பால் பல்லுக்குப் போயிருக்கிறது. தவில்காரரைக் கையைக் கட்டி இருக்கச் சொன்னார்கள். அகப்பையர் கடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இப்பச் சரி. ஆர் திருத்தினது?"

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மூன்று தரம் கேட்காமல் ஸ்பனரைத் தொடக்கூடாது. "கழட்டத் தெரிஞ்சவன் கன பேர். எங்கை பழுது எண்டு தெரிஞ்சவன்தான் குறைவு" என்பார். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலிக் கதை.

எங்கள் பக்கத்தில் வருடா வருடம் வேலி அடைப்போம். பழைய கதியாலை வெட்டிவிட்டுப் புதுக் கதியால் நடுவோம். கதியால் என்றால் வேலிக்கு நடுகிற பச்சைத் தடி. நட்டால் துளிர்க்கும், மரமாகும். புதுசை நடும்போது நாலு விரல் தள்ளி ஒழுங்கைப் பக்கமாய் நடுவது ஒரு வழக்கம். நான் நாலு விரல் நட்டால் மச்சானும் நாலு விரல் நடுவார். ஆறு வருடம் நட்டோம். பிறகு, அவர்தான் ஒழுங்கையைப் பிடித்தார் என்று நான் வழக்குப் போட்டேன். நான்தான் பிடித்தேன் என்று அவர் போட்டார். மூன்று வருடம் நாங்கள் கதைக்கவில்லை.

கதைக்காவிட்டாலும் கிணறு பங்குக் கிணறு. புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். துலா என்கிற ஏற்ற மரத்தின் மேலே ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் தண்ணீர்ப் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். அவர் முறைக்கு நான் துலா மிதித்தேன். என் முறைக்கு அவர் மிதித்தார். மூன்று வருடமும் வாய் திறக்காமல் மிதித்தோம். பட்டை இறங்கினால் கனைப்பு. நிரம்பினால் இரண்டு கனைப்பு.

அந்த மாரியில் விடாமல் மழை. கூரை முகடு ஒழுகியது. விடிய ஏறினேன். வழுக்கி உரலின்மேல் விழுந்தேன். அப்போதிக்கரி ஐயா வந்து கட்டினார். கட்டிவிட்டுப் பொன்னம்மாவைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றாலும் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம்தான்.

"இண்டைக்குப் பொழுதுபட முன்னம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும், பிள்ளை. இல்லாட்டில் கால் அழுகிப் போம். பிறகு வெட்டத்தான் வேணும்."

மருதனார்மடத்துக்கு இந்தப் பக்கம் வயல்வெளி றோட்டை வெள்ளம் மூடியிருந்தது. வண்டில் மாடு இறங்காது. வாடகைக் கார் வராது. அந்தத் தண்ணீரில் போகக்கூடியது ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது பலாமரத்தடியில் நின்றது.

என்னைக் கட்டிலோடு கொண்டுபோய் அதில் ஏற்றினார்கள். அகப்பையர் வளவின் படலைக் கதவைக் கழற்றி, லொறியின் மூக்கை ஒழுங்கைக்குள் விட்டார். இரண்டு பக்கமும் வேலி தடுத்தது. அரை முழம் காணாது, அவ்வளவு இடம் குறைவு.

முத்தையரும் அங்கே வந்து நின்றார். நன்றாய் உடுத்து வெளிக்கிட்டு நின்றார். கரை போட்ட வேட்டி. சால்வையை நனையாமல் ஓலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அன்று கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், எங்கள் வழக்குத் தவணை. நான் வராவிட்டால் தீர்ப்பு அவர் பக்கம். அவருக்கும் பட்டணம் போக வேறு வழி இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலைதானே கோடு. என்னையும் ஏத்துங்கோ" என்றார், என்னைப் பார்க்காமல்.

விதானையார் சொன்னார்: "ஒரு பக்க வேலியைப் பிடுங்கினால் காணும். ஆரின்ரை வேலியைப் பிடுங்கிறது?"

"மச்சான்ரையை" என்றேன் நான், கட்டிலில் கிடந்தபடி.

"அவன்ரையை" என்றார் முத்தையர்.

"என்ரை வேலியிலை கை வைச்சால் நான் இறங்கிப் போயிடுவன்" என்றேன்.

"எந்தக் காலாலை?" என்றார் அப்போதிக்கரி.

பொன்னம்மா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, இவருக்குக் கால் போனால் உங்கடை முறைக்கு ஆர் துலா மிதிக்கிறது? வழக்கிலை வெண்ட வேலியோ வந்து மிதிக்கும்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் வாயை மூடுங்கோ. எலும்பு வெளியிலை நிக்குது, உங்களுக்கு வேலி."

முத்தையர் ஆட்டைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வேறு பார்க்க ஒன்றும் இல்லை.

அகப்பையருக்கு இதெல்லாம் கேட்கவில்லை. பொனற்றுக்குள்ளிருந்து தலையை எடுத்து, "என்ன பழுது?" என்றார். பொன்னம்மா இரண்டு கையாலும் ஒழுங்கை ஒடுக்கம் என்று காட்டினாள். இரண்டு வேலியையும் காட்டினாள். எங்கள் இரண்டு பேரையும் காட்டினாள்.

"கேட்டுப் பாத்துத்தான் கழட்டவேணும்" என்றார்.

அகப்பையோடு இறங்கினார். என் வேலியின் ஒரு கதியாலில் சிரட்டையை வைத்தார். காம்பைக் கடித்தார். ஸ்பனரால் கதியாலைத் தட்டினார். மூன்று தரம்.

"பச்சை. போன வருசம் நட்டது."

முத்தையரின் கதியால். மூன்று தரம்.

"இதுவும் பச்சை."

பிறகு ஸ்ராற் பண்ணுகிற இரும்பு ஹாண்டிலை எடுத்து, என் வேலிக்கு உள்ளே நிலத்தில் குத்திக் குத்திப் போனார். ஒரு இடத்தில் டொக் என்றது. மண்ணுக்குள் பழைய கதியாலின் அடிக்கட்டை. அதிலிருந்து வேலி வரைக்கும் கையால் அளந்தார். ஒரு முழம். ஒழுங்கையைக் கடந்து முத்தையரின் வளவுக்குள் போனார். குத்தினார். டொக். அளந்தார். ஒரு முழம்.

மூன்று வருடம் எங்களுக்காக வழக்காடிய இரண்டு புறக்டர்மார் கண்டுபிடிக்காததை அந்த மனிதன் கால் மணித்தியாலத்தில் கண்டுபிடித்தார். விதானையார் குடையை மடக்கிவிட்டார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

"அப்ப ஒரு பக்கத்தை மட்டும் பிடுங்கினால் காணுமே?" என்று விதானையார் விரலைக் காட்டிக் கேட்டார்.

அகப்பையர் தலையை ஆட்டினார்.

"காணாது. பிறேக் மாதிரித்தான் உது. ஒரு பக்கத்தை மட்டும் இளக்கினால் மற்றப் பக்கம் இழுக்கும். இரண்டையும் சமனாய் விடவேணும்."

முத்தையர் ஓலைப் பெட்டியைப் பொன்னம்மாவிடம் கொடுத்தார். வேட்டியை மடித்தார். தன் முதல் கதியாலைத் தானே பிடுங்கினார். அதைக் கண்ட பிறகு நானும் கையைக் காட்டினேன். விதானையாரும் அப்போதிக்கரியும் என் பக்கத்தைப் பிடுங்கினார்கள். ஈர நிலம். இலேசாய் வந்தது. அன்று தின்ற அளவு இலைகுழையை ஆடு வாழ்நாளில் தின்றிருக்காது.

லொறி முதன்முதலாகப் பதினாறாவது அடியை ஓடியது.

பொன்னம்மாவும் முத்தையரும் என்னோடு பின்பெட்டியில். வயல்வெளி வரைக்கும் நல்ல ஓட்டம். தண்ணீருக்குள் இறங்கிப் பாதி வழியில் எஞ்சின் இருமத் தொடங்கியது. சக்கரத்தின் பாதிக்கு மேலே தண்ணீர். லொறி நடுங்கியது. என் எலும்பும் நடுங்கியது.

அகப்பையர் கையை நீட்டினார். அகப்பை இல்லை. ஒழுங்கையில் ஏதோ ஒரு கதியாலில் கொழுவிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய முகம் அப்படி வெளுத்ததை நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. காது இல்லாமல் தண்ணீருக்கு நடுவில் நின்றார்.

பொன்னம்மா கஞ்சி அகப்பையை நீட்டினாள்.

வாங்கினார். முதலில் நக்கினார்.

"உப்புக் காணாது" என்றார்.

பிறகு பொனற்றைத் திறந்து கடித்தார். ஒரு தரம். இரண்டு தரம். பொன்னம்மா "கெதியாய், கெதியாய்" என்று கத்தினாள். அவர் மூன்றாம் தரமும் கேட்டார்.

"ஆறு சிலிண்டரிலை மூண்டு படுத்திட்டுது. பிளக் வயர் நனைஞ்சிருக்கு. காய்ஞ்ச சீலை ஒண்டு தாருங்கோ."

எஞ்சினை நிறுத்தினார். மழையில் எல்லாரும் தோய்ந்திருந்தோம். காய்ந்த சீலை அந்த லொறியில் ஒன்றே ஒன்றுதான். அது ஓலைப் பெட்டிக்குள் இருந்தது.

முத்தையர் பெட்டியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மூடியைத் திறந்தார்.

கோட்டுச் சால்வையால் அகப்பையர் ஒவ்வொரு வயராகத் துடைத்தார். சரிகைக் கரையால் பிளக்குகளைத் துடைத்தார். முத்தையர் தொடையளவு தண்ணீரில் இறங்கி ஹாண்டிலைச் சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்றாம் சுற்றில் ஆறும் எழும்பின.

ஏறி வந்து என் கட்டில் காலடியில் குந்தினார். சேறும் கிறீசும் வழிந்தன. மூன்று வருடத்துக்குப் பிறகு நான்தான் முதலில் கதைத்தேன்.

"மச்சான், கோட்டுக்குப் போகேல்லையோ?"

"உந்தக் கோலத்திலையோ? பேசாமல் கிடவடா."

பொழுதுபட முன்னம் போய்ச் சேர்ந்தோம். கால் தப்பியது. நீளத்தில் இரண்டு விரல் கட்டை, அவ்வளவுதான். அடுத்த புகையிலைக்குத் துலாவில் ஏறினேன். கட்டைக் காலால் மிதித்தால் துலா ஒரு பக்கம் ஆடும் என்று முத்தையர் கீழே நின்று ஏசுவார். வாய் திறந்து ஏசுவார். வேலிகளைப் பழைய அடிக்கட்டைகளின் வரிசையிலேயே நட்டோம்.

ஒழுங்கை அகலமாகிவிட்டது, இனி லொறியை வாடகைக்கு ஓட்டலாம் என்று விதானையார் அகப்பையருக்குப் புத்தி சொன்னார்.

"ஒருக்கா வெளியிலை போனது காணும்" என்றார் அகப்பையர். "அதுக்கே ஆறு மாதத் திருத்தம் கிடக்கு."

உண்மையிலேயே முழு எஞ்சினையும் கழற்றி ஆறு மாதம் காய வைத்தார். பிறகு பழையபடி முன்னே பதினைந்து அடி, பின்னே பதினைந்து அடி.

எவ்வளவு மினுக்கினாலும் பல்லு நிற்குமோ. ஒவ்வொன்றாய்ப் போயிற்று. கடைசிப் பல்லும் போனதற்கு அடுத்த நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைய கஞ்சி அகப்பையை நீட்டினார். நான் எழுந்து அவரோடு போனேன். அதன் பிறகு தினமும் காலையில் நான்தான் கடித்தேன். எஞ்சின் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தோளில் விரலால் தட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூன்று தரம் கேட்பார். பிறகு, "இரண்டாவது வால்வு, தம்பி" என்பார். ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

அவர் போன பிறகு லொறியை வாங்க ஆட்கள் வந்தார்கள். முதற் சுற்றிலேயே ஸ்ராற் ஆனது. ஒழுங்கையால் நேரே ஓட்டிக்கொண்டு போனார்கள். நானும் முத்தையரும் அவரவர் படலையில் நின்றோம்.

கஞ்சி அகப்பை எங்களிடம் இருக்கிறது. பொன்னம்மா அதைச் சமையலுக்கு எடுப்பதில்லை. காம்பில் என் பல்லுத் தடமும் உண்டு, அவருடைய பல்லுத் தடமும் உண்டு. எது யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருடையதை எண்ணி வைத்திருக்கிறேன்.

பதினொன்று.